போகிற வழியில் வந்தவர்

எங்கள் வீட்டின் முன்னாள் மேனேஜரும் என் ஒரே மகளுமானவளுக்கு, அப்பா எழுதுவது.

நலம் விசாரிப்பதற்கு முன்னால் ஒரு வெட்கக்கேட்டை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இருபத்துநாலு வருஷமாக இன்சூரன்ஸ் அலுவலகத்தில் உட்கார்ந்து, ஊரார் வண்டி ஓட்டும் லட்சணத்தைக் குறை சொல்லியே சம்பளம் வாங்கிய உன் அப்பாவுக்கு டிரைவிங் லைசென்ஸ் போன மாதம்தான் கிடைத்தது. அதுவும் நாலாவது தடவையில். முதல் தடவை ஹேண்ட் பிரேக்கை எடுக்காமலேயே தெருமுனை வரை போனேன். இரண்டாவது தடவை இண்டிகேட்டர் என்று நினைத்து வைப்பரைப் போட்டேன். அன்றைக்கு நல்ல வெயில். மூன்றாவது தடவை எல்லாவற்றையும் அட்சரம் பிசகாமல் செய்தேன். கண்ணாடி பார்த்தேன், சிக்னல் கொடுத்தேன், கிளம்பினேன். தேர்வு எடுக்க வந்த அதிகாரி இன்னும் ஏறவில்லை என்பதை அடுத்த திருப்பத்தில்தான் கவனித்தேன்.

நீ சிரித்து முடித்ததும் மேலே படி. நாங்கள் இருவரும் சௌக்கியம். உன் அம்மாவின் முழங்கால் வலி போன இடம் தெரியவில்லை. தினமும் காலையில் நடக்கப் போகிறாள். அதை நடை என்று அவள்தான் சொல்கிறாள். கூடப் போன இரண்டு பேர் மூச்சு வாங்கி நின்றுவிட்டார்கள்.

இதையெல்லாம் போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனில் உன் குரலைக் கேட்டால் எனக்கு "இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்" என்பதைத் தவிர வேறு வாக்கியம் வருவதில்லை. நாலு வருஷமாக அந்த ஒரே வாக்கியத்தை வைத்துக்கொண்டு அப்பா உத்தியோகம் பார்க்கிறேன். ஆனால் போனைக் கொடுத்துவிட்டு நான் எங்கும் போய்விடுவதில்லை. அடுத்த அறையில் அலமாரிக் கதவைத் திறந்து எதையோ தேடுவதுபோல் நிற்பேன். உன் அம்மா ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள். உன் மகளுக்கு இரண்டு பல் முளைத்தது, ஒரு பல்லால் உன் விரலைக் கடித்தது, எல்லாம் அலமாரி வழியாக வந்த செய்திகள்தான். அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை நீங்கள் மூன்று பேரும் வருகிறீர்கள் என்பதும் அப்படித்தான் தெரிந்தது. "ஏர்போர்ட்டுக்குப் பக்கத்துலயே ரூம் எடுத்துக்கறோம்மா, அப்பாவுக்கு எதுக்கு சிரமம்" என்று நீ சொன்னதும் அப்படித்தான். சிரமம் என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு விநாடி நின்றாய். அலமாரிக்குள் அது நன்றாகவே கேட்டது.

ஆகவே ஒரு கார் வாங்கிவிட்டேன்.

புதுசு இல்லை. நம் பல் டாக்டருடையது. அவருக்குக் கண் ஆபரேஷன் ஆனதிலிருந்து இரண்டு வருஷமாக ஷெட்டில் நின்றிருந்தது. நிறத்தை எப்படிச் சொல்ல. விற்றவர் அதை ஒயின் சிவப்பு என்றார். வண்டியைப் பார்க்க வந்த எதிர்வீட்டு டியூஷன் டீச்சர் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "நல்லா முத்தின கத்திரிக்காய் மாதிரி இருக்கு" என்றாள். அன்றிலிருந்து தெருவில் அதற்குக் கத்திரிக்காய் என்றே பெயர். உன் அம்மா அவள் பங்குக்குச் சொன்னது: "நாலு தடவை எழுதி லைசென்ஸ் வாங்கினவர் ஓட்டற வண்டியில நான் ஏற மாட்டேன். நடந்து போனாலும் போவேன்."

எஞ்சின் நன்றாக இருக்கிறது, பிரேக் பிடிக்கிறது, விளக்கெல்லாம் எரிகிறது. ஒன்றே ஒன்றுதான் இல்லை. தகுதிச் சான்றிதழ். முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் தேதி போய் பதினாலு மாதம் ஆகியிருந்தது.

மற்ற எவனுக்கும் இது ஒரு சின்னத் தொல்லை. எனக்கு இது மானப் பிரச்சினை. என் வேலை என்னவென்று உனக்குத் தெரியும். விபத்து நடந்து இழப்பீடு கேட்டு வருபவர்களின் காகிதத்தில் நான் முதலில் பார்ப்பது சான்றிதழ் தேதி. தேதி போயிருந்தால் சிவப்பு சீல்: நிராகரிக்கப்பட்டது. அழுதாலும் சீல்தான், சண்டை போட்டாலும் சீல்தான். இந்த வேலையில் ஒரு வியாதி வரும். யாரைப் பார்த்தாலும் முகத்துக்கு முன்னால் அவர் வந்த வண்டியின் ஸ்டிக்கரைக் கண் தேடும். நம் சொந்தக்காரர்கள் பலருடைய முகம் எனக்குச் சரியாக நினைவில்லை. வண்டி எண் எல்லாம் மனப்பாடம்.

இந்த வியாதி செய்த காரியத்தில் பெரியது எதுவென்று உனக்குத் தெரியும். ஆனால் அதை நான் சொல்லி நீ கேட்டதில்லை. அதனால் ஒருமுறை நானே சொல்லிவிடுகிறேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால், ஒரு வியாழக்கிழமை காலை, உன் வீட்டுக்காரர் முதல்முறையாக நம் வாசலுக்கு வந்தார். பழைய நீல ஸ்கூட்டர். நான் ஸ்டிக்கரைப் பார்த்தேன். தேதி போய்ப் பதினோரு நாள். அவர் ஹெல்மெட்டைக் கழற்றி, தலைமுடியைச் சரிசெய்துகொண்டு, "போற வழியில வந்தேன் சார், உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும்" என்றார். என் பெண்ணைக் கேட்க வருகிறவர் போகிற வழியில் வருவாரா, காய்கறி வாங்க வருவதுபோல். எனக்குக் காது சூடாகிவிட்டது. அவர் சட்டைப்பையில் கைவிட்டு, மடித்த வெளிர்பச்சைக் காகிதம் ஒன்றைப் பாதி எடுத்தார். நான் அதை வாங்கவில்லை. "காகிதமெல்லாம் ஆபீஸ்ல நிறைய பார்த்தாச்சு தம்பி. வண்டிக்குத் தேதி போனதையே கவனிக்காத ஆளு, என் பொண்ணை எப்படிக் கவனிப்பீங்க" என்றேன். மெதுவாகச் சொல்லவில்லை. டியூஷன் டீச்சரின் வீட்டில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்த பிள்ளைகள் ஏழாம் வாய்ப்பாட்டில் நின்றுவிட்டார்கள். அவர் காகிதத்தைத் திரும்பப் பையில் வைத்தார், ஹெல்மெட்டை மாட்டினார், போய்விட்டார். ஏழு நிமிஷம் நின்றிருப்பார். அதில் ஆறு நிமிஷம் நான்தான் பேசினேன்.

அப்புறம் நடந்தது நமக்குள் இருக்கட்டும். உன் கல்யாணத்துக்கு உன் அம்மா போனாள். நான் ஆபீசுக்குப் போனேன்.

சரி, கத்திரிக்காய்க்கு வருகிறேன். சான்றிதழ் இல்லாத வண்டியைத் தெருவில் ஓட்டக்கூடாது. சோதனை நிலையத்துக்குக் கொண்டுபோகாமல் சான்றிதழ் கிடைக்காது. பல் டாக்டர், "லாரி வெச்சு இழுத்துட்டுப் போங்க" என்றார். பக்கத்துச் சலவைக்கடைக்காரர், "யார் சார் பார்க்கப் போறா, காலையிலயே ஓட்டிட்டுப் போயிடுங்க" என்றார். என்னைப் பார்த்து. சீல் குத்தும் என்னைப் பார்த்து.

ஆனால் சட்டத்தில் ஒரு சின்ன சந்து இருக்கிறது. முன்கூட்டியே நேரம் வாங்கியிருந்தால், அந்த நாளில், அந்த நேரத்துக்கு, நேர் வழியில், சோதனை நிலையத்துக்கு மட்டும் ஓட்டிக்கொண்டு போகலாம். வழியில் கடைக்குத் திரும்பக்கூடாது, யாரையும் இறக்கிவிடக்கூடாது. வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கவேண்டும். அது வாங்கிய அன்றே எடுத்தாயிற்று, நானே போட்டு என்னிடமே கையெழுத்து வாங்கினேன். என் இருபத்துநாலு வருஷத்தில் இந்த விதியைச் சொல்லிக்கொண்டு ஒருத்தர்கூட என் மேசைக்கு வந்ததில்லை. விதி முழுக்கப் புத்தம்புதுசாக, மடிப்புக் கலையாமல் எனக்காகவே காத்திருந்ததுபோல் இருந்தது.

போன செவ்வாய்க்கிழமை பதினொன்றரை மணிக்கு நேரம் கிடைத்தது. அதைத் தவறவிட்டால் அடுத்த நேரம் ஐந்து வாரம் கழித்து. அதற்குள் நீங்கள் வந்து, அந்த ரூமில் தங்கி, திரும்பிப் போயிருப்பீர்கள். ஆக எனக்கு ஒரே ஒரு காலைதான் இருந்தது.

பத்தேகாலுக்குக் கிளம்பினேன். தெருவே வாசலில் நின்றது. டியூஷன் டீச்சர் கைப்பையோடு தயாராக வந்து, "பேங்க் போற வழியில இறக்கி விட்டுடுங்க" என்றாள். முடியாது, சட்டம் இடம் கொடுக்காது என்றேன். "நிறுத்தவேண்டாம், மெதுவாப் போங்க, நானே குதிச்சுக்கறேன்" என்றாள். அந்த அம்மாளுக்கு வயது அறுபத்தொன்று. குதித்து இறங்குவதைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை, ஆனால் இன்சூரன்ஸில் இருக்கிறது என்று சொல்லித் தப்பித்தேன்.

தபால் நிலையத் திருப்பத்தில் குழாய் பதிக்கச் சாலையைத் தோண்டியிருந்தார்கள். அம்புக்குறி போட்டு இடது பக்கம் சுற்றிப்போகச் சொல்லியிருந்தது. எனக்கு வியர்த்துவிட்டது. சட்டம் சொல்வது நேர் வழி. இது சுற்று வழி. நாளைக்கு யாராவது கேட்டால்? வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கி, பள்ளத்து மேஸ்திரியிடம் போய், சாலை மூடியிருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னேன். அவர் பள்ளத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கண்ணுக்குத் தெரியுதே சார்" என்றார். கண்ணுக்குத் தெரிவதைக் கோப்பில் வைக்க முடியாது என்று விளக்கினேன். பேனா என்னுடையது, காகிதம் என்னுடையது, முதுகு அவருடைய ஆள் ஒருவருடையது. குனிந்த முதுகில் வைத்து எழுதினார்: "இங்கே பள்ளம் உள்ளது." தேதி போடவில்லை. தேதியையும் போடவைத்தேன். எனக்குப் பின்னால் பதினெட்டு வண்டி நின்றிருந்தது. அவர்கள் அடித்த ஹாரனை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

பதினொன்றே கால். மணிக்கூண்டுக்கு முன்னால் போக்குவரத்துப் போலீஸ்காரம்மா கை காட்டினாள். உன் வயதுதான் இருக்கும். ஸ்டிக்கரைப் பார்த்தாள், எனக்குள் ஒரு தொழில் மரியாதை எழுந்தது, என்னைப் போலவே முகத்துக்கு முன்னால் அதைத்தான் பார்த்தாள். "பதினாலு மாசம் ஆகுது. பெரியவரே, எறங்குங்க" என்றாள். நான் இந்த ஒரு நொடிக்காகவே ஒரு வாரமாக ஒத்திகை பார்த்திருந்தேன். சிரித்தபடி சட்டைப்பையில் கைவிட்டேன். சோதனை நிலையம் கொடுத்த நேரச் சீட்டு. வெளிர்பச்சை நிறம், நாலாக மடித்தது. பாதி எடுத்தேன்.

கை அப்படியே நின்றுவிட்டது.

அந்தப் பச்சையை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். அதே மடிப்பு. அதே சட்டைப்பை. நம் வாசலில் பாதி வரை எடுத்து, திரும்ப உள்ளே போன காகிதம்.

"என்ன சார், எடுத்த பேப்பரைக் குடுக்கமாட்டீங்களா" என்றாள். கொடுத்தேன். அவள் அதை வாங்கினாள், விரித்தாள், படித்தாள், நேரத்தைப் பார்த்தாள். "சரியாத்தான் இருக்கு, சீக்கிரம் போங்க, லேட்டாயிடும்" என்று திருப்பிக் கொடுத்தாள். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் நான் செய்திருக்க வேண்டிய மொத்த வேலையும் அவ்வளவுதான்.

மணிக்கூண்டிலிருந்து நிலையம் வரை எப்படி ஓட்டினேன் என்று எனக்கு நினைவில்லை. பதினொன்று இருபத்தெட்டுக்கு உள்ளே நுழைந்தேன். இரண்டு நிமிஷம் முன்னதாக, ஒரு விதியையும் மீறாமல், ஒரு கீறல் இல்லாமல். உன் அப்பா தன் வாழ்நாளில் நெஞ்சை நிமிர்த்தி நின்ற இடங்களை எண்ணினால் அந்தச் சிமெண்ட் தரைக்கு நிச்சயம் இடம் உண்டு.

நிமிர்ந்த நெஞ்சு உடனே இறங்கியது. சோதனைக்காரர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "சார், நீங்கதானே எட்டு வருஷம் முன்னாடி என் வண்டிக்கு சிவப்பு சீல் குத்தினவர்" என்றார். ஊரில் எத்தனை பேருக்குக் குத்தியிருக்கிறேன், அதில் இவர் ஒருவரா இருக்கவேண்டும். சான்றிதழ் கொடுக்கும் ஆளே சான்றிதழ் வாங்க மறந்த கதை அது. இருபது நிமிஷத்தில் முடிகிற சோதனையை அவர் ஐம்பத்தைந்து நிமிஷம் செய்தார். கத்திரிக்காயைத் தூக்கிப் பார்த்தார், கவிழ்க்காத குறை. சீட் பெல்ட்டைப் பதினாலு தடவை இழுத்தார். கடைசியில் தலையைச் சொறிந்துகொண்டு, "குறை சொல்ல ஒண்ணும் கிடைக்கல சார், மனசுக்குக் கஷ்டமா இருக்கு" என்று ஸ்டிக்கரை ஒட்டினார்.

நான் கிளம்பவில்லை. பழைய பதிவு ஒன்றைப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். எண் தெரியுமா என்றார். நீல ஸ்கூட்டரின் எண் எனக்குத் தெரியாதா. கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். அந்த வியாழக்கிழமை. கொடுத்த நேரம் பதினொரு மணி. முடிவு: தேர்ச்சி. பக்கத்தில் ஒரு கட்டத்தில் சின்னதாக எழுதியிருந்தது: நான்கு நிமிடம் தாமதம், அனுமதிக்கப்பட்டது.

அந்த நான்கு நிமிஷம் யாருடையது என்று நான் யாரையும் கேட்கவேண்டியதில்லை.

அப்போது உன் வீட்டுக்காரர் இருந்த இடம் நம் பழைய சந்தைக்குப் பின்னால். அங்கிருந்து நிலையத்துக்கு நேர் வழி எது என்று வரைபடத்தில் அளந்து பார்த்தேன். நம் வாசல் வழியாகத்தான். போகிற வழியில் வந்தேன் என்று அவர் சொன்னது அத்தனையும் நிஜம். ஒரு விதியையும் மீறாமல் வந்தவரை, விதிப்புத்தகத்தை வைத்துக்கொண்டு நான் விரட்டியிருக்கிறேன். வழியில் ஏழு நிமிஷம் நின்றது குற்றமா என்று ஒரு கேள்வி வரும். அதையும் யோசித்தேன். நிறுத்தி வைத்தது வீட்டுக்காரன். ஓட்டி வந்தவர்மேல் குற்றமில்லை. இது என் தீர்ப்பு, இருபத்துநாலு வருஷ அனுபவத்தோடு சொல்கிறேன்.

உன் அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவள் ஆச்சரியப்படவே இல்லை. "எனக்கு அன்னைக்கு சாயங்காலமே தெரியும். அவ அழுதுகிட்டே சொன்னா" என்றாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கோபித்தேன். "நீங்க கேட்டீங்களா" என்றாள். யோசித்துப் பார்த்தால், நீயும் சொல்லவில்லை. உன்னையும் நான் கேட்கவில்லை. அலமாரிக் கதவுக்குப் பின்னால் நின்றவன் எதைக் கேட்டான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை டாக்சி பிடிக்காதீர்கள். ரூம் எடுத்திருந்தால் வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். வெளியே வரும் வாசலுக்கு எதிரே கத்திரிக்காய் நிற்கும். நிறத்தை வைத்து ஒரு மைல் தூரத்திலிருந்தே தெரியும். பின்சீட்டில் குழந்தைக்கான இருக்கை மாட்டியாயிற்று. அதைச் சோதனைக்காரரையே இழுத்துப் பார்க்கச் சொன்னேன். அவர் இழுத்த இழுப்புக்குக் கார் ஆடியது, இருக்கை ஆடவில்லை. உன் அறையில் மெத்தையை வெயிலில் போட்டு எடுத்தோம். வீட்டு மேனேஜராக நீ ஜன்னலோரம் ஒட்டிவைத்திருந்த வீட்டு விதிகள் பட்டியலை நான் எடுக்கவில்லை. அப்பா ஆபீஸ் சீலை வீட்டுக்குக் கொண்டுவரக்கூடாது என்று பத்து வயதில் நீ எழுதியது இன்னும் அங்கேதான் இருக்கிறது.

மாப்பிள்ளை முன்சீட்டில் உட்காரட்டும். ஏறுவதற்கு முன்னால் என் முகத்தைப் பார்க்கவேண்டாம், முதலில் ஸ்டிக்கரைப் பார்க்கச் சொல். தேதி சரியாக இருந்தால் மட்டும் ஏறட்டும். சரியில்லையென்றால் தெருவே கேட்கிற மாதிரி என்னைக் கேட்கட்டும். நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். வழியில் அவர் ஏதாவது காகிதம் எடுத்துக் கொடுத்தால் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு முழுக்கப் படிப்பேன்.

குழந்தைக்கு என் முத்தம். அவளுக்கு முளைக்கும் மற்ற பற்களெல்லாம் நம் வீட்டில் முளைக்கட்டும். நீங்கள் மூவரும் நல்லபடி வந்து சேரவேண்டும், நேர் வழியில், எங்கும் இறங்காமல்.

என்றும் உன் நல்லதையே நினைக்கிற,
அப்பா.

பி.கு.: இதையும் எழுதினால்தான் தபாலில் போடுவேன் என்று உன் அம்மா உறையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். செவ்வாய்க்கிழமை நான் கிளம்பிய பிறகு அவள் சமையலை முடித்து, வீட்டைப் பூட்டிவிட்டு, சோதனை நிலையத்துக்கு நடந்தே வந்தாள். நான் உள்ளே நுழைந்தபோது பெஞ்சில் உட்கார்ந்து இரண்டாவது டீயைக் குடித்துக்கொண்டிருந்தாள்.